தேதி போடாத கண்ணீர் அஞ்சலி

அருளப்பன்துறையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது அவரோடு ஒழியாது. ஒரு காலத்தில் கடலில் மிதவையை ஆமை என்று நினைத்து எட்டிப் பிடித்து, வள்ளத்திலிருந்து தலைகுப்புற விழுந்தவர் ஒருவர் இருந்தார். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. குவைத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் அவர் பேரனை இன்றைக்கும் ஊர் ஆமை என்றுதான் விசாரிக்கிறது. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது சாமியார் ஞானஸ்நானப் பெயரைத்தான் வாசிப்பார். கீழே உட்கார்ந்திருக்கும் சனம் அதைப் பட்டப்பெயராக மாற்றித்தான் காதில் வாங்கும்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஷிஜிக்கு 'செராக்ஸ்' என்று பெயர் விழுந்தது. 2015இல், ஊருக்குக் காவலான வானதூதர் மிக்கேல் சம்மனசின் திருநாளுக்கு முந்தின மாதம், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் திருநாள் கமிட்டி கூடியிருந்தபோது விழுந்தது.

ஷிஜி நாகர்கோவிலில் மல்டிமீடியா படித்தவள். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து கல்யாண வாழ்த்து, புதுவீடு மந்திரிப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் டிசைன் செய்து கொடுப்பாள். மெஷின் கிடையாது, அச்சடிப்பது நாகர்கோவிலில். அன்றைக்கு அவள் கமிட்டிக்குக் காட்ட லேப்டாப்பில் கொண்டுபோனது, சிலுவை நட்ட குருசடி முக்கில் நிற்கப்போகிற பெரிய வளைவுக்கான படம். எல்லா ஊரிலும் மிக்கேல் சம்மனசு ஈட்டியால் சாத்தானைக் குத்திக்கொண்டு நிற்பார். ஷிஜியின் மிக்கேல் வள்ளத்தின் முனையில் நின்றார். கையில் ஈட்டி இல்லை, துடுப்பு. காலடியில் சாத்தான் இல்லை, வாயைப் பிளந்துகொண்டு வரும் ஒரு அலை. கடலோடிகளின் ஊருக்கு வேறெப்படி வருவார் சம்மனசு? ஒரு வருடமாக, பிழைப்பு வேலைக்கு நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தது.

மண்டபம் பேச்சற்றுப் போயிற்று. நன்றாக இருப்பதால்தான் என்று ஷிஜி நினைத்துக்கொண்டாள், பாவம்.

கமிட்டிச் செயலாளர் ததேயுஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏட்டி ஷிஜி, இது டிஜோ போன ஞாயிறே காட்டின படமில்லியா?"

டிஜோ பின்சுவரில் சாய்ந்து நின்றான். ஷிஜியோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே வருடம் புதுநன்மை எடுத்தவன். ஷார்ஜாவில் போர்டு கம்பெனியில் இருந்துவிட்டு வந்து, குருசடி முக்கில் சொந்த மெஷின் போட்டு 'டிஜோ டிஜிட்டல்ஸ்' திறந்தவன். அவன் காட்டிய படத்தை ததேயுஸ் தன் போனில் எடுத்து நீட்டினார். அதே வள்ளம், அதே துடுப்பு, அதே அலை. வானத்தை மட்டும் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றியிருந்தான், எம்டன்.

"மாமா, எனக்க ஃபைலுக்க தேதியப் பாருங்கோ. ஒரு வருசத்துக்கு முந்தித் தொடங்கினது."

"கம்ப்யூட்டர் தேதிய என்னத்துக்குச் சொல்லுக மக்கா. அத எவனும் மாத்துவான்."

அப்போதுதான் ஷிஜிக்கு உறைத்தது. போன திருநாளுக்கு முன் அவளுடைய ஆன்லைன் ஃபோல்டரைப் பங்கு ஐடிக்கு ஷேர் செய்து கொடுத்திருந்தாள். கமிட்டிக்காரர்களில் பாதிப்பேர் வளைகுடாவில், மீதிப்பேர் கொச்சியில் போட்டில். எல்லாரும் டிசைனைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமே என்று பங்குக்கென ஒரே ஒரு மெயில் ஐடி வைத்திருந்தார்கள். அதன் பாஸ்வேர்டு சம்மனசின் பெயரும் திருநாள் தேதியும். ஊரில் ஞானஸ்நானம் வாங்காத குழந்தைக்கு மட்டும்தான் அது தெரியாது. பாஸ்வேர்டை மாற்றலாமே என்று ஒருமுறை யாரோ சொன்னதற்கு, "மிக்கேலுக்க பேர எடுத்துட்டு யாருக்க பேர வைக்கணும்? ஒனக்க பேரயா?" என்று ததேயுஸ் கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஷிஜி செய்த முட்டாள்தனம் என்னவென்றால், அந்த ஒரு நோட்டீஸை மட்டும் ஷேர் செய்யாமல், தன் மொத்த ஃபோல்டரையும் தூக்கிக் கொடுத்துவிட்டு மறந்துபோனது. அதற்குப் பிறகு அவள் வரைந்ததெல்லாம் ஊர் வாசலில் திறந்து போட்ட பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"பங்கு ஐடி வழியா எனக்க ஃபோல்டர்ல ஏறி எடுத்திருக்கான்," என்றாள்.

டிஜோ சுவரைவிட்டு நகர்ந்தான். "வாருங்கோ கோயிலுக்கு," என்று முன்னால் நடந்தான். கமிட்டி மொத்தமும் பின்னால் போயிற்று. மிக்கேல் சுரூபத்தின் காலில் கை வைத்து, "இவளுக்க ஃபோல்டர நான் கண்ணால கண்டதில்ல. பங்கு ஐடின்னு ஒண்ணு இருக்கதே நான் ஷார்ஜாயில கெடந்த காலத்துல எனக்குத் தெரியாது, இப்பவும் நான் அதத் தொட்டதில்ல. பொய்யின்னா சம்மனசானவர் கேக்கட்டும்," என்றான்.

சத்தியத்துக்கு மேல் எந்தக் கம்ப்யூட்டர் பேசும்? வெளியே வரும்போது கூட்டத்தில் யாரோ, "செராக்ஸு," என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், பெயர் விழுந்துவிட்டது.

திருநாளுக்குக் கொடியேறியது. குருசடி முக்கில் தென்னை உயரத்துக்கு எழும்பி நின்றார் ஷிஜியின் மிக்கேல். காலடியில், அந்த அலைக்குக் கீழே, 'டிஜோ டிஜிட்டல்ஸ்' என்று போன் நம்பரோடு போட்டிருந்தது. பத்து நாள் திருநாளுக்கும் அவள் அதற்கு அடியில்தான் நடந்து போக வேண்டியிருந்தது. கோட்டாற்றிலிருந்தும் குளச்சலிலிருந்தும் வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். டிஜோ வெள்ளை வேட்டியில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னான். ஈட்டிக்குப் பதில் துடுப்பு ஏன் என்று அவன் சொன்ன விளக்கம்கூட, ஷிஜி ஃபைலுக்குள் ஓரத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புத்தான்.

அவள் அவனை வெறுத்தாள். பூசையில் 'பிறர் எங்களுக்குச் செய்த குற்றங்களை நாங்கள் பொறுப்பது போல' என்று வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். பொறுக்க அவளுக்கு மனதில்லை, மனதில்லாததைக் கடவுளிடம் இருப்பதாகச் சொல்லவும் விருப்பமில்லை.

பெயர் தன் வேலையைச் செய்தது. வீடு மந்திரிப்புக்கு வழக்கமாக அவளிடம் வருபவர்கள் முக்கில் டிஜோவிடம் போனார்கள். மீன் சந்தையில் அவள் அம்மாவிடம் ஒருத்தி, "செராக்ஸுக்க அம்மா, சாளை எப்படி?" என்று கேட்டாளாம். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல மக்கா. நாளைக்கு ஒனக்கு ஒரு புள்ள பெறந்தா அதையும் செராக்ஸுக்க மவன்னு கூப்பிடுவானுவளே," என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்காமல் அப்படியே இருந்தாள்.

கிறிஸ்மஸ் நெருங்கியபோதுதான் ஷிஜி ஃபோல்டரின் ஷேரிங் பக்கத்தைத் திறந்தாள்; அதுவரை, சத்தியம் செய்தவன் இனி உள்ளே வரமாட்டான் என்று இருந்துவிட்டாள். அவள் பெயர், அதற்குக் கீழே பங்கு ஐடி. பக்கத்திலேயே நீக்கு என்று ஒரு பொத்தான். யார் வந்து பார்த்தார்கள் என்று அது காட்டாது. காட்டினாலும் பங்கு ஐடி என்றுதான் காட்டும், பங்கு ஐடி என்றால் ஊரே. புத்தியுள்ள யாரும் அந்தப் பொத்தானை அப்போதே அழுத்தியிருப்பார்கள். அவளும் அழுத்தத்தான் போனாள். ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்தை வரைந்து உள்ளே போட்டிருந்தாள், பனையோலைக் குடிலில் பாலன். அதே பாலன் மறுநாளே முக்கில் டிஜோ கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தான், பச்சை ஓலை மஞ்சளாகி. சம்மனசின் காலில் வைத்த கை காயும் முன் மறுபடி உள்ளே வந்துவிட்டானே என்று நினைத்தபோது, அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு தெளிவு வந்தது.

கதவைச் சாத்தினால் திருடன் யோக்கியனாகிவிடுவான். திறந்தே கிடக்கட்டும். அவன் உள்ளே நின்றதை அவன் வாயாலேயே ஊர் கேட்க வேண்டும்.

பொங்கல் கழிந்ததும் உட்கார்ந்தாள். டிஜோ ஃபேஸ்புக்கில் போட்டிருந்த ஒரு படத்தை எடுத்தாள். ஷார்ஜா கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிறான். கண்ணாடியை நீக்கி, அவன் பழைய படத்திலிருந்து கண்களை எடுத்துப் பொருத்தினாள். பின்னால் மேகம், இரு பக்கமும் குத்துவிளக்கு, தலைக்கு மேல் சிலுவை. 'கண்ணீர் அஞ்சலி' என்று கறுப்பில் எழுதி வெள்ளை விளிம்பு கொடுத்தாள். தோற்றம் என்ற இடத்தில் அவன் பிறந்த நாள். ஒரே வகுப்பில் மிட்டாய் வாங்கித் தின்ற நாள் மறக்குமா? மறைவு என்று எழுதி, எதிரே தேதி போடாமல் விட்டாள். வருந்தும் குடும்பத்தார் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். அவன் அம்மா கிளாரா சின்ன வயதில் அவளுக்குத் தலை பின்னிவிட்டவள். யோசித்துவிட்டு, தாய் கிளாரா என்று எழுதினாள்.

அவள் எத்தனையோ கண்ணீர் அஞ்சலி செய்திருக்கிறாள், இவ்வளவு அழகாக ஒன்றும் அமைந்ததில்லை. ஃபைலுக்கு 'அடுத்த திருநாள் – புது ஐடியா' என்று பெயர் வைத்து ஃபோல்டருக்குள் போட்டாள். பிறகு முட்டை வாங்கி வந்து, அம்மாவும் தானுமாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் டிஜோ டிஜிட்டல்ஸ் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் திறந்தது, ஆனால் டிஜோ வெளியே வரவில்லை. பிறகொரு நாள் தெருவில் அவளுக்கு எதிர்ப்பட்டபோது வண்டியை நிறுத்தினான். வாயைத் திறந்தான். என்ன கேட்பான்? கேட்க வேண்டுமென்றால் எங்கே பார்த்தாய் என்பதற்குப் பதில் வேண்டுமே.

"என்ன டிஜோ, சொகமில்லியா?" என்று அவளே கேட்டாள்.

"இல்ல. ஒண்ணுமில்ல," என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ருசி கண்டுவிட்டது. அவள் அந்தப் படத்தைச் சும்மா விடவில்லை. ஒரு நாள் விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டாள். இன்னொரு நாள் 'அடக்கத் திருப்பலி மாலையில்' என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு அவன் படத்தைச் சுற்றி மல்லிகை மாலை. மறைவுக்கு எதிரே மட்டும் எதையும் எழுதவில்லை. அவன் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அதைத் திறந்து, தேதி விழுந்துவிட்டதா என்று பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். பார்க்காமல் இருக்க அவனால் முடியாது. மாற்றி மாற்றி எழுத அவளால் முடியும், பார்த்துப் பார்த்துச் சாக அவனால் முடியும், அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த கூட்டு வேலை.

டிஜோ இளைத்தான். வண்டி ஓட்டுவதை விட்டான். அண்ணன்மார் கூப்பிட்டும் கடலுக்குப் போகவில்லை, கட்டடம் கட்டும் இடத்தில் சாரத்துக்கு அடியில் நடப்பதில்லை. ஒரு மாதிரியாக இருக்கிறான், யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்று கிளாரா குருசடியில் மெழுகுதிரி ஏற்றினாள். அது போதாதென்று பக்கத்து வீட்டு நாடாத்தி கையில் கொடுத்து மண்டைக்காட்டு அம்மனுக்கும் ஒரு தேங்காய் அனுப்பினாள். சாமியார் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

கடைசியில் மகனிடமிருந்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். தாய் அல்லவா. கறந்த கையோடு, தவக்காலத்து முதல் ஞாயிறு, கமிட்டி கூடியிருந்த மண்டபத்துக்கு அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பழைய நோட்டீஸ் கணக்கு முடிக்க ஷிஜியையும் அன்று வரச் சொல்லியிருந்தார்கள். கிளாரா நேராக அவள் முன்னால் போய் நின்றாள்.

"எனக்க மவன் உயிரோட நிக்கியான். இவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டு வச்சிருக்கியே, ஒனக்கு நெஞ்சில ஈரமுண்டா ஏட்டி? எனக்க பேரையும்லா அதுல எழுதியிருக்கா. கேளுங்கோ, இவளக் கேளுங்கோ."

டிஜோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, போதும். வா, வீட்டுக்குப் போவோம்."

"நீ சும்மா கெட. ஒனக்குப் பேச நாக்கில்லன்னா எனக்கு உண்டு."

ததேயுஸ் எழுந்தார். "கண்ணீர் அஞ்சலியா? எந்தச் செவுத்துல ஒட்டியிருக்கு கிளாரா? நான் ஒண்ணும் காணல்லியே."

"செவுத்துலயா ஒட்டுவா? கள்ளி. அவளுக்க கம்ப்யூட்டர் ஃபோல்டர்ல வச்சிருக்கா."

"அவளுக்க ஃபோல்டர்ல இருக்கது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அம்மா," என்றான் டிஜோ.

"ஏன், இவன்தான் தெனமும் வெடிஞ்சதும் தொறந்து பாக்கியானே. நேத்தா இண்ணைக்கா? ஷார்ஜாயில இருந்து வந்த நாள் முதலு பாக்கியான். எங்கிட்டயும் காட்டுவான். 'அம்மா, இந்த ஷிஜி வரையுகது போல எனக்குச் சத்தியமா வராது'ன்னு சொல்லுவான். இவளப் பத்தி அவ்வளவு நல்லா நெனச்ச புள்ளைக்கு இவ செய்த வேலயப் பாருங்கோ."

சொல்லி முடித்துவிட்டுக் கிளாரா சுற்றிலும் பார்த்தாள். யாரும் ஷிஜியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்மனசின் காலில் கை வைத்தவனை. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. ஃபோல்டரைக் கண்டதில்லை என்றுதான் மகன் சத்தியம் செய்தான் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "நான் என்ன சொன்னேன்?" என்று மகனைக் கேட்டாள். அவன் அவள் முந்தானையை விட்டான்.

ஷிஜிக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தன் அம்மா விற்காத சாளைக் கூடையோடு படியேறி வந்த நாளில் யாருக்குப் பாவமாக இருந்தது? அதை நினைத்ததும் இரக்கம் போய் நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு நாள் கழித்து முதல் முறையாக நன்றாக மூச்சு விட்டாள்.

அடுத்த ஞாயிறு சாமியார் பீடத்தில் நின்று, துடுப்புப் பிடித்த மிக்கேல் ஷிஜி வரைந்தது என்று அறிவித்தார். டிஜோ எல்லார் முன்னாலும் முழங்காலில் நின்றான். பொய்ச்சத்தியம் செய்தவனிடம் அடுத்த திருநாள் வேலை கிடையாது என்று கமிட்டி எழுதிக்கொண்டது. பட்டப்பெயரை எழுதிக் கொடுத்து யாரும் மாற்ற முடியாது, ஆனால் அது தானாகவே இடம் மாறியது. இப்போது முக்குப் பக்கம் வழி கேட்டால் 'செராக்ஸ் டிஜோ கடைக்குக் கெழக்கே' என்கிறார்கள். ஷிஜியின் அம்மா சந்தையில் சத்தமாக விலை சொன்னாள்.

அவளுக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும். ஊரிலுள்ள நல்லவர்களெல்லாம் போதும் என்றுதான் சொன்னார்கள். ததேயுஸ் வீட்டுக்கே வந்து, "அந்தப் படத்த ஒழிச்சிரு மக்கா. அந்த ஃபோல்டரையும் அடைச்சிரு," என்றார். அவர் முன்னாலேயே ஷிஜி ஷேரிங் பக்கத்தைத் திறந்து, பங்கு ஐடியை நீக்கினாள். இப்போது அவள் பெயர் மட்டும் இருந்தது. "அடைச்சாச்சு மாமா," என்றாள். அவர் திருப்தியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார். அவருக்குப் படம் வேறு ஃபோல்டர் வேறு என்ற கணக்கு கிடையாது.

டிஜோவுக்கு உண்டு. மறுநாள் உச்சி வெயிலில் வந்து வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

"ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குவு," என்றான்.

"ஆமா. அடைச்சிட்டேன். இது முதல்லயே செய்திருக்கணும்."

"அந்தப் படத்த அழிச்சியா?"

ஷிஜி செய்துகொண்டிருந்த கல்யாண வாழ்த்தில் மாப்பிள்ளையின் காலரைச் சரி செய்தாள்.

"ஷிஜி, நான் மாப்பு சொல்லியாச்சு. ஊருக்கு முன்னால முட்டுப் போட்டாச்சு. அழிச்சியா, இல்லியா? அது மட்டும் சொல்லு." அவன் குரல் தேய்ந்தது. "அதுல தேதி எதுவும் எழுதினியா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. படத்தில் அவள் பொருத்திய கண்கள் இதைவிட உயிரோடு இருந்தன.

"அது எனக்க ஃபோல்டர் டிஜோ. அதுல என்ன இருக்குன்னு இனி வெளியாளுக்குச் சொல்லுகதில்ல," என்றாள்.

அவன் வாசலைவிட்டு நகர்ந்தான். பிறகு ரோட்டைக் கடக்கப் போனவன், வண்டி எதுவும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். ரோடு காலியாகக் கிடந்தது. அவன் கடக்கவில்லை.